யார் எந்த வேலைக்கு? புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறப்பவர்களுக்கு

ஒரு முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு 60 மரக்கறிச் சோற்றுப் பார்சல் கேட்டிருந்தார்கள். மட்டக்களப்புக் கல்லடியில் நான் கடை திறந்து நாலாவது மாதம் அது. பன்னிரண்டு மணிக்கு ஓட்டோவில் ஏற்றி அனுப்பியாயிற்று. அரை மணித்தியாலத்தில் போன் வந்தது. "தம்பி, சோறு இருக்கு, கத்தரிக்காய் இருக்கு, சம்பல் இருக்கு. பருப்பு எங்க?"

பருப்பு குசினியில், மூடி போட்ட சட்டியில், சூடாக இருந்தது. வாளியில் ஊற்றி ஓடிப்போய்க் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, யாருடைய பிழை என்று விசாரித்தேன். சமைத்த அக்கா, "நான் பத்தரைக்கே இறக்கி வெச்சிட்டனே" என்றார். பார்சல் கட்டிய தம்பி, "மேசைக்கு வந்ததையெல்லாம் வெச்சுத்தான் கட்டினன்" என்றான். ஓட்டோவில் ஏற்றியவர், "நான் எண்ணினன், 60 சரி" என்றார். மூன்று பேர் சொன்னதும் உண்மை. எல்லாக் கறியும் மேசைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கோ" என்று காலையில் சொன்னது நான்தான்.

பாசிக்குடாவிலோ கல்முனையிலோ பொத்துவில் பக்கமோ கடை திறக்க நினைத்து என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது, "நல்ல கோக்கி ஒருத்தர் எங்க கிடைப்பார்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஆளைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு கொப்பியும் இரண்டு நாளும் போதும்.

முதலில் வேலையை எழுதுங்கள்

யாரை எடுக்கலாம் என்பதை மறந்துவிட்டு, உங்கள் கடையின் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதுங்கள். கடை இன்னும் திறக்கவில்லையென்றால் உங்கள் கடை மாதிரியான இன்னொரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

காலையில் இடியப்பம் பிட்டு, மதியம் சோறு கறி, பின்னேரம் கொத்து ரொட்டி, ஒன்பது மேசை, பதினொரு பேர் என்று ஓடிய என் கடையில் எழுதியபோது இப்படி வந்தது. அதிகாலை நாலரைக்கு அடுப்பு, தேங்காய் துருவல், இடியப்பமும் பிட்டும் வாங்கி வைத்தல். ஐந்தரைக்கு மீன். ஆறு மணிக்குக் கடை திறப்பு, ஆணம், சம்பல், தேத்தண்ணி. எட்டரைக்கு மதியக் கறிக்கு வெட்டுதல். ஒன்பதுக்கு ரொட்டி மா குழைத்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊற வைத்தல். பதினொன்றுக்குப் பார்சல் மேசை. பன்னிரண்டே காலில் இருந்து ஒன்றரை வரை பெருங்கூட்டம். இரண்டரைக்குப் பின் கழுவல். மூன்று மணிக்குக் கொத்துக்கான ரொட்டியைச் சுட்டு அடுக்குதல். ஐந்தரையில் இருந்து பத்து வரை கொத்துத் தட்டு. பத்தரைக்குக் கணக்கு, காஸ் மூடுதல், பூட்டு.

இவை பெரிய வேலைகள். இவற்றை எழுதுவது சுலபம். அதற்குப் பிறகு கடையைச் சுற்றி நடந்து, சிறிய வேலைகளைப் பொறுக்கி எடுங்கள்: குடிதண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்ப்பது, மலசலகூடம், சில்லறைக் காசு மாற்றி வைப்பது, பார்சல் சுற்றும் லஞ்ச் சீட் முடிய முன் வாங்குவது, ஃப்ரீசர் ஓடுகிறதா என்று பார்ப்பது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர். கடையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தச் சிறியவைதான். சோறு வைக்க ஒருவரும் மறப்பதில்லை. என் முதல் பட்டியலில் 38 வேலைகள் இருந்தன. சுற்றி நடந்த பிறகு 71 ஆனது.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், அது முடிந்தது என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். "மேசை துடைப்பது" என்றால் போதாது. "ஆள் எழும்பி இரண்டு நிமிடத்தில் மேசையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தண்ணீர்ப் போத்தல் நிறைந்திருக்கிறது" என்று எழுதினால், பிறகு வாக்குவாதம் குறையும்.

வேலைகளைப் பொறுப்புகளாகக் கட்டுதல்

அடுத்து அந்த 71 வேலைகளையும் எட்டொன்பது கட்டாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டும் ஒரு பொறுப்பு. என் கடையில் கடைசியில் நின்றவை: காலை அடுப்பு, மதியக் கறி, வெட்டுக்கை உதவி, தேத்தண்ணியும் ஜூஸும், மேசை, பார்சல் மேசை, காசு மேசை, கொத்துத் தட்டு, கழுவல். மேசைக்கும் கழுவலுக்கும் இரண்டு பேர்.

கட்டும்போது நான் பார்ப்பது முக்கியமாக நேரத்தை. ஒரே நேரத்தில் மோதும் இரண்டு வேலைகள் ஒரு கட்டில் இருக்கக் கூடாது. பார்சல் கட்டுவதும் காசு வாங்குவதும் ஒருவரிடம் இருந்தால், பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டும் கெடும். அதோடு காசு தொட்ட கை சோற்றைத் தொடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது இதையெல்லாம்தான். பச்சை மீனும் கோழியும் வெட்டுகிறவர் அதே நேரத்தில் சலாட் வெட்டக் கூடாது என்பதும் இதே கணக்கு. மாறாக, மோதாத வேலைகளைச் சேர்க்கத் தயங்காதீர்கள். எங்கள் தேத்தண்ணிக்காரர் மதியக் கூட்டத்தில் கொஞ்சம் ஓய்வாக இருப்பார், ஏனென்றால் சாப்பிட்ட பிறகுதான் பிளேன்ரீ கேட்பார்கள். அதனால் தண்ணீர்ப் போத்தலும் சில்லறை மாற்றுவதும் அவருடைய கட்டுக்குள் போனது.

இந்தப் பிரிப்பு நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1890களில் லண்டன் சவோய் ஹோட்டலில் ஒகுஸ்ட் எஸ்கொஃபியே என்ற பிரெஞ்சுச் சமையல் தலைவர் குசினியை இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்தார்: குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், குளிர்ந்த உணவுக்கு ஒருவர். ஓடரை வாங்கி உரக்கக் கூப்பிட்டுச் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார். நம் கடைகளில் "ரெண்டு கோழிக் கொத்து, ஒண்டு உறைப்புக் குறைய!" என்று வெயிட்டர் கத்துவது அந்தப் பொறுப்பின் தூரத்துச் சொந்தம். வித்தியாசம் என்னவென்றால், நம்மிடம் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கொத்துத் தட்டின் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்? கத்துவதற்கும் ஒருவரை மட்டும் வையுங்கள். அவர் சீட்டையும் கொக்கியில் குத்தட்டும்.

ஒரு அட்டை எப்படி இருக்கும்

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு அட்டை. அரைத்தாள் போதும், தமிழில், கையெழுத்தில். சிங்களம் மட்டும் வாசிக்கிற ஊழியர் இருந்தால் அவருக்குச் சிங்களத்தில். பருப்புச் சம்பவத்துக்குப் பிறகு நான் எழுதிய பார்சல் மேசை அட்டையை அப்படியே தருகிறேன்:

"பார்சல் மேசை. 11 மணி முதல் 2.30 வரை. இந்த மேசையைத் தாண்டும் ஒவ்வொரு பார்சலிலும் பலகையில் எழுதிய எல்லாக் கறியும் இருக்க வேண்டும்; அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. 11 மணிக்குக் குசினிக்குப் போய் அன்றைய கறிகளைக் கேட்டுப் பலகையில் எழுதுங்கள். பலகையில் உள்ள சட்டி எல்லாம் மேசைக்கு வரும் வரை முதல் பார்சலைக் கட்ட வேண்டாம். சட்டியில் கால்வாசிக்குக் கீழே போனால் உடனே குசினிக்குச் சொல்லுங்கள். ஒரு கறி முடிந்துவிட்டால் அதற்குப் பதில் எதை வைப்பது என்று நீங்களே தீர்மானிக்கலாம், என்னைக் கேட்க வேண்டாம். இருபதுக்கு மேற்பட்ட ஓடர் என்றால் ஒரு பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். காசு வாங்க வேண்டாம். நீங்கள் இல்லாத நாள்: தேத்தண்ணித் தம்பி."

இதில் முக்கியமான வரி எது என்று கேட்டால், "நீங்களே தீர்மானிக்கலாம்" என்பதைச் சொல்வேன். பொறுப்பைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்க விடாமல் இருந்தால் கூட்ட நேரத்தில் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள். காசு மேசையில் இருப்பவர் பழைய வாடிக்கையாளருக்கு எவ்வளவு வரை கடன் எழுதலாம், மேசை பார்ப்பவர் புகார் வந்தால் ஒரு சாப்பாட்டைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்கலாமா, மீன் எடுப்பவர் விலை ஏறியிருந்தால் என்ன செய்வது, இவற்றையெல்லாம் அட்டையிலேயே தொகையோடு எழுதிவிடுங்கள்.

இப்போது ஆளைப் பாருங்கள்

அட்டைகள் கையில் இருக்கும்போது ஆள் தேடுவது வேறு மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: வருபவரிடம் "என்ன வேலை தெரியும்?" என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "எல்லாம் தெரியும் முதலாளி." பொய் என்று சொல்ல மாட்டேன். வேலை தேவைப்படுகிறவர் வேறு என்ன சொல்வார்?

கேட்பதற்குப் பதில் செய்யச் சொல்லுங்கள், அந்த நாளுக்குக் கூலியும் கொடுங்கள். மூன்று நாள் சம்பளத்தோடு பார்த்துவிட்டு முடிவு செய்வது, பிழையான ஆளை மூன்று மாதம் வைத்திருப்பதைவிட மலிவு.

வெட்டுக்கைக்கு வருபவரிடம் ஒரு கிலோ வெங்காயம் கொடுங்கள். வேகத்தை முதலில் பார்க்க வேண்டாம், வேகம் பழக வரும். துண்டுகள் ஒரே அளவாக இருக்கிறதா, முடிந்ததும் பலகையைத் துடைத்தாரா, தோலை எங்கே போட்டார் என்று பாருங்கள். ரொட்டிக்கு வருபவர் பத்து ரொட்டி போடட்டும். முதலாவதையும் பத்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுவலுக்கு வருபவர் கழுவிய சட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

காசு மேசைக்கு நான் வைக்கும் சோதனை கொஞ்சம் கொடுமையானது. மூன்று மேசை பில்லை ஒன்றாகக் கொடுத்து, 5000 ரூபாய்த் தாளை நீட்டி, அந்த நேரத்தில் கடைப் போனுக்கும் அழைப்பு எடுப்பேன். ஒரு பிள்ளை முதலில் போனை எடுத்து "ரெண்டு நிமிசத்தில் எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டு, தாளை லாச்சிக்குள் போடாமல் மேசையில் வைத்தபடியே மிச்சத்தை எண்ணித் தந்துவிட்டு, பிறகுதான் தாளை உள்ளே வைத்தார். 5000 தந்தேன், 1000 தந்தேன் என்ற சண்டை வராமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. கணக்கில் அவரைவிடக் கெட்டிக்காரர் இருவர் வந்திருந்தார்கள். வேலை அவருக்குத்தான்.

மேசை வேலைக்கு: ஆளை ஒரு மூலையில் பத்து நிமிடம் நிற்க வைத்து நாலு மேசையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு திரும்பி நின்று, எந்த மேசைக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். "மூண்டாம் மேசையில் பிள்ளைக்கு உறைக்குது, தண்ணி தேடுது" என்று சொல்கிறவருக்கு மற்றதெல்லாம் பழக்கிவிடலாம். பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் என்றால் இதோடு சிங்களமும் ஆங்கிலமும் எவ்வளவு பேசுகிறார் என்பதும் சேரும். உள்ளூர்க்காரர் வரும் கடைக்கு அது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

குணத்தையும் பாருங்கள். மதியக் கறி ஒரு பொறுமையான வேலை. எட்டரையில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, உப்புப் பார்த்து, பதினொன்றுக்கு முடிப்பது. கொத்து அதற்கு நேர்மாறு. வரிசையாகச் சீட்டு, இரண்டு தகடு, தீ, சத்தம், ஒவ்வொரு தட்டுக்கும் சில நிமிடம்தான். கொத்து அடிப்பவரைப் பகலில் கறிக்கு நிறுத்திப் பார்த்தேன். மனிதர் சோர்ந்துபோனார், கறியும் அவசரப்பட்டது. கறி அக்காவைக் கொத்துப் பக்கம் நிறுத்த நினைத்ததே இல்லை. அவர் என்னை அகப்பையால் அடித்திருப்பார்.

வீட்டு நிலைமையும் வேலையின் ஒரு பகுதி. நாவற்குடாவில் இருந்து பஸ்ஸில் வரும் அக்காவுக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு எட்டு மணிக்குத்தான் வர முடியும், பின்னேரம் மூன்றுக்குப் போக வேண்டும். அவரைக் காலை அடுப்பில் போட்டால் இரண்டு பேருக்கும் கரைச்சல். மதியக் கறி அவருடைய நேரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. இடியப்பத்துக்கு ஆளே எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் அவித்துக் கொடுக்கிற பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். எண்ணிக்கையும் நேரமும் சொல்லிவிட்டால் நாலு மணிக்கு எழும்பும் ஒரு பொறுப்பு கடையில் குறைந்துவிடும்.

மாவட்டத்தில் தொழிற்பயிற்சி முடித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வரும் பிள்ளைகளும் உண்டு. மூன்றாம் நாலாம் மட்டச் சமையல் சான்றிதழ் என்றால் சுத்தம், அளவு, வெட்டுமுறை எல்லாம் ஓரளவு கற்றுத்தான் வந்திருப்பார்கள். அவர்களுக்கும் அதே மூன்று நாள் சோதனைதான். அதில் அவர்கள் கோபப்படுவதும் இல்லை.

பெயரும் பொறுப்பும்

ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே பொறுப்புகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். 0 என்றால் தெரியாது. 1 என்றால் யாராவது பக்கத்தில் நின்றால் செய்வார். 2 என்றால் தனியாகச் செய்வார். 3 என்றால் இன்னொருவருக்குப் பழக்கும் அளவுக்குத் தெரியும். எண்களை நீங்கள் மட்டும் போடாதீர்கள். அவர்களையும் தங்களுக்குப் போடச் சொல்லி, வித்தியாசம் வரும் இடத்தில் பேசுங்கள்.

பிறகு மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒரு பொறுப்பின் கீழே ஒரே ஒரு 2 அல்லது 3 மட்டும் இருந்தால், அதுதான் உங்கள் கடையின் ஓட்டை. என் தாளில் அந்த ஓட்டை கொத்துத் தட்டில் இருந்தது. தெரிந்தும் அசட்டையாக விட்டேன். கொத்துக்காரருக்குக் கட்டாரில் வேலை கிடைத்து ஒரு கிழமை அவகாசத்தில் போய்விட்டார். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நம்மூரில் பாதி வீடு அந்தக் காசில்தான் நிமிர்ந்தது. பன்னிரண்டு பின்னேரம் கொத்து இல்லாமல் கடை கிடந்தது. இப்போது ஒவ்வொரு பொறுப்புக்கும் குறைந்தது இரண்டு பேருக்கு 2 இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இரண்டாமவர் வாரத்தில் ஒரு நாள் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 2 மெதுவாக 1 ஆகிவிடும்.

சொந்தக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. மச்சானைக் காசு மேசையில் போடுவது நம் வழக்கம், நம்பிக்கைக்காக. போடுங்கள், தவறில்லை. ஆனால் அவருக்கும் அட்டை கொடுங்கள், இரவுக் கணக்கை அவரும் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். அட்டை இல்லாத மச்சான் ஒரு மாதத்தில் இரண்டாவது முதலாளி ஆகிவிடுவார். பிறகு ஊழியர்கள் இருவரில் யாருடைய சொல்லைக் கேட்பது என்று முழிப்பார்கள்.

ஆளுக்குச் சொல்வது, எழுத்தில் கொடுப்பது

அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். வயதில் மூத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று பலர் தயங்குவார்கள். எனக்கும் கறி அக்காவிடம் அப்படித்தான் இருந்தது.

"அக்கா, நீங்க சமைக்கிறதைப் பற்றி நான் ஒண்டும் எழுதல்ல. சட்டி உங்கட அடுப்பில இருந்து எப்ப யாருட்ட போகுது எண்டதை மட்டும் எழுதியிருக்கன்."

"அப்ப மேசையில குறைஞ்சா என்னட்ட வரமாட்டீங்க?"

"வரமாட்டன். அது பார்சல் தம்பிட பொறுப்பு."

"இதை நாலு மாசத்துக்கு முதல் எழுதியிருக்கலாமே தம்பி."

சட்டம் சார்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கு எடுக்கும்போது பதவி, சம்பளம், நேரம் எழுதிய கடிதம் கொடுங்கள், பொறுப்பு அட்டையை அதோடு இணைத்துவிடலாம். 16 வயதுக்குக் குறைந்தவரை எடுக்கக் கூடாது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது; அதன்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், உங்கள் பக்கம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் பக்கம் 3 வீதம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியில் இருந்து 30,000. காலை நாலரைக்கு வந்தவரையே இரவு கொத்துக்கும் நிறுத்தினால் 8 மணித்தியாலம் எங்கே போகும் என்று அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். பொறுப்புகளைப் பிரிப்பதால் வரும் இன்னொரு லாபம் அது.

சம்பளம் பொறுப்போடு ஏற வேண்டும். இரண்டாவது பொறுப்பில் 2 எடுத்தவருக்கு நான் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். பழகும் ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை, நோன்பு, சீசன்

நம் பகுதிக்கென்று சில கணக்குகள் உண்டு. வெளியூர்க்காரர் எழுதும் நிர்வாகப் புத்தகத்தில் இது இருக்காது.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ. முஸ்லிம் சகோதரர்கள் வேலை செய்யும் கடையில் சரியாகக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் அவர்கள் தொழுகைக்குப் போவார்கள். எங்கள் கொத்துக்கார நானா பகலில் ரொட்டி மாவோடு பார்சல் மேசைக்கும் உதவுவார். வெள்ளியில் அந்த உதவி இல்லை. அதே வெள்ளியில், செவ்வாயிலும், இந்து வீடுகளில் மரக்கறி நாள். மீன் கறி குறையும், மரக்கறிப் பார்சல் கூடும். அதனால் வெள்ளிக்கென்று தனி அட்டவணை வைத்தோம்: மீன் வெட்டும் தம்பி அன்று பார்சல் மேசையின் இரண்டாவது ஆள். ஜும்ஆ முடிந்து நானா வந்ததும் மூன்று மணி ரொட்டிக்குப் போவார், ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் கடைகளின் நாளே தலைகீழாகிவிடும். பகல் பொறுப்புகள் சுருங்கும், பின்னேரம் கஞ்சிக்கும் கடிப்புகளுக்கும் புதிய பொறுப்பு முளைக்கும். அந்த மாதத்துக்கு அட்டைகளை மாற்றி எழுதிவிடுவது நல்லது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வேலை செய்தால் ஒரு பெரிய வசதி, பெருநாளுக்குத் தமிழர் வேலைக்கு நிற்பார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முஸ்லிம்கள் நிற்பார்கள். ஆனால் நின்றவருக்கு அந்தப் பொறுப்பில் 2 இருந்தால்தான் அது உதவும். தாளை அதற்காகவும் பாருங்கள்.

அறுகம்பையில் அலை வருவது ஏறக்குறைய ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை. பாசிக்குடாக் கடலும் அந்த மாதங்களில்தான் அமைதி. சீசனுக்குக் கடை நடத்துபவர்கள் இரண்டு அட்டவணை எழுத வேண்டும். சீசனில் பத்துப் பொறுப்பு, மாரியில் ஐந்து. மாரிக்கு எவற்றை ஒன்றாக்கலாம் என்பதை ஏப்ரலிலேயே தீர்மானித்து, எடுக்கும்போதே ஆளுக்குச் சொல்லிவிடுங்கள். நவம்பரில் மழை கொட்டும்போது, ஆளும் இல்லாமல் வாடிக்கையும் இல்லாமல் உட்கார்ந்து அதை யோசிக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து

முதல் அட்டவணையில் பிழை வரும். பிழை எங்கே என்று தெரியத்தான் எழுதுகிறோம். ஒரு கொப்பியைக் காசு மேசைக்குக் கீழே தொங்கவிட்டு, தவறிய ஒவ்வொன்றையும் அன்றே எழுதுங்கள். ஆளின் பெயரை எழுத வேண்டாம், எந்த இரண்டு பொறுப்புகளுக்கு நடுவில் விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். பதினான்கு நாள் முடிந்து பார்த்தால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். என் கொப்பியில் ஏழு தடவை வந்தது காஸ் சிலிண்டர். காலி என்று கண்டவர் மாற்றுவதா, குசினிக்காரர் மாற்றுவதா? கழுவல் அட்டையில், "இரவு பத்துக்கு இரண்டு சிலிண்டரையும் ஆட்டிப் பாருங்கள், குறைந்தால் காசு மேசையிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது.

ஆள் பொருந்தாவிட்டால் உடனே நிறுத்திவிடாதீர்கள், இடத்தை மாற்றிப் பாருங்கள். மேசையில் ஒரு பையன் இருந்தான். கூச்சம், வாடிக்கையாளரை நிமிர்ந்தே பார்க்க மாட்டான். இரண்டு புகார் வந்தது. ஒரு நாள் மீன் எடுப்பவர் வரவில்லை என்று அவனை அனுப்பினேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அமத்தி, "இது நேத்தையது, வேணாம்" என்று வியாபாரியிடம் கூச்சமே இல்லாமல் சொன்னானாம். தகப்பன் வாவியில் வலை போடுகிறவர். அன்றைக்குப் பிறகு காலை மீன் அவனுடைய அட்டை. நண்டின் வயிற்றை அமத்தி உள்ளே சதை இருக்கிறதா என்று பார்க்க எனக்கும் அவன்தான் பழக்கினான்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அட்டைகளை எல்லாம் இறக்கித் திரும்ப எழுதுங்கள். பட்டியலில் புதிய சாப்பாடு ஒன்று சேர்த்தால் அன்றே.

கடைசியாக உங்கள் அட்டை

இதைத்தான் அதிகம் பேர் எழுதுவதில்லை. கூட்ட நேரத்தில் அதிகம் குழப்புகிறவர் பெரும்பாலும் முதலாளிதான். குசினிக்குள் போய் உப்புப் பார்ப்பார், காசு மேசையில் பில் போடுவார், தெரிந்தவர் வந்தால் தானே மேசை துடைப்பார். அந்தந்த இடத்தில் நிற்கிறவர் ஒதுங்கி நின்று பார்ப்பார்.

என் அட்டையைக் கறி அக்காவும் கொத்துக்கார நானாவும் சேர்ந்து எழுதித் தந்தார்கள். நான் எழுத வெளிக்கிட்டபோது விடவில்லை. அதில் இருந்தது: "12 மணி முதல் 1.30 வரை வாசலில் நிற்பது. வருபவருக்கு இடம் காட்டுவது. மேசை நிறைந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வது. குசினிக்குள் வரக் கூடாது. உப்புப் பார்ப்பதென்றால் பதினொன்றுக்கு முதல் வரவும்."